யோசேப்பும் இம்ஹோதெப்பும் ஒருவரா? ஒரு கேள்வியும் அதன் பின் வந்த குறிப்புகளும்

கேள்வி, 4 பிப்ரவரி 2023

எங்கள் சபையில் காட்டப்பட்ட ஒரு காணொளியில், சக்காராவில் படிப் பிரமிடைக் கட்டிய இம்ஹோதெப்தான் ஆதியாகமத்தின் யோசேப்பு என்று சொன்னார்கள். ஏழு வருடப் பஞ்சத்தைப் பற்றிய எகிப்தியக் கல்வெட்டே இருக்கிறதாம். இருவருமே ராஜாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர்கள், இருவருமே 110 வயது வாழ்ந்தவர்கள். இவ்வளவு ஒற்றுமை போதாதா? விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

4 பிப்ரவரி 2023, இரவு

போதாது என்பது என் கருத்து. ஆனால் எளிதாகச் சொல்லவில்லை, ஏனென்றால் நானே இதைப் பல ஆண்டுகள் நம்பியவன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அட்டையில் படம் வரைந்து சொல்லியும் கொடுத்தவன்.

முதலில் இம்ஹோதெப்பின் பக்கம் இருப்பதைப் பார்ப்போம். அவர் கற்பனை மனிதர் அல்லர். மூன்றாம் வம்சத்து மன்னன் ஜோசரின் சிலைப் பீடம் ஒன்று 1920களில் சக்காராவில் கிடைத்தது. அதில் மன்னனின் பெயரோடு இம்ஹோதெப்பின் பெயரும் பட்டங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கீழ் எகிப்து மன்னனின் முத்திரை அதிகாரி, மன்னனுக்கு அடுத்தவர், ஹீலியோபோலிஸின் தலைமைப் பூசாரி என்று அந்தப் பட்டியல் போகிறது. மன்னனின் பெயரோடு ஒரு குடிமகனின் பெயரும் ஒரே பீடத்தில் வருவது அரிய மரியாதை. ஹீலியோபோலிஸ்தான் விவிலியத்தில் ஓன் எனப்படும் நகரம். யோசேப்பின் மாமனார் போத்திபிரா அந்த ஓனின் ஆசாரியன். இந்த இடத்தில் யாருக்கும் மனம் துள்ளும், எனக்கும் துள்ளியது.

ஆனால் ஜோசரின் காலம் கி.மு. 2670ஐ ஒட்டியது. விவிலியத்தின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் (சாலொமோனின் நான்காம் ஆண்டுக்கு 480 ஆண்டு முன் இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறியது, அதற்கு 430 ஆண்டு முன் யாக்கோபு எகிப்துக்கு வந்தது) ஏறத்தாழ கி.மு. 1876தான் வருகிறது. இடையில் 800 ஆண்டு இடைவெளி. எகிப்திய வரலாற்றையே வெட்டிச் சுருக்கினால்தான் இருவரையும் ஒரே ஆளாக நிறுத்த முடியும். காணொளிக்காரர்கள் சுருக்குகிறார்கள், ஆனால் சுருக்கியதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

5 பிப்ரவரி 2023

நேற்று 110 வயதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டேன். யோசேப்பு 110 வயதில் இறந்தார் என்று ஆதியாகமத்தின் கடைசி வசனம் சொல்வது சரி. இம்ஹோதெப் எத்தனை வயதில் இறந்தார் என்று அவர் காலத்து எழுத்து எதுவும் சொல்லவில்லை. 110 என்பது எகிப்தியர்கள் ஒரு நிறைவாழ்வுக்கு வைத்திருந்த எண். பழங்கால எகிப்திய அமைச்சர் ப்தாஹோதெப்பின் அறிவுரை நூலில் அவர் 110 ஆண்டு வாழ்ந்ததாகச் சொல்லிக்கொள்கிறார். வெஸ்ட்கார் பாப்பிரஸ் கதையில் ஜெடி என்ற மந்திரவாதிக்கும் 110 வயது. நாம் "நூறாண்டு வாழ்க" என்று வாழ்த்துகிறோமே, அதைப்போல. யோசேப்பின் கதையை எழுதியவருக்கு எகிப்திய வழக்கம் தெரிந்திருந்தது என்பதற்கு இந்த எண் நல்ல சான்று. அவர் இம்ஹோதெப் என்பதற்குச் சான்று ஆகாது.

9 பிப்ரவரி 2023

பஞ்சக் கல்வெட்டைக் கேட்டிருந்தீர்கள். இதை நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் எல்லாரும் பேசுவது இதைப் பற்றித்தான், முழுதாக வாசிப்பவர்களோ மிகக் குறைவு.

அசுவானுக்கு அருகே நைல் நதியின் நடுவில் செஹெல் என்ற தீவு. அங்குள்ள கருங்கல் பாறையில் 1889ஆம் ஆண்டு சார்லஸ் வில்பர் இதைக் கண்டார். ஏழு ஆண்டுகளாக நைல் உரிய வேளையில் பெருகவில்லை, தானியம் குறைந்தது, மன்னன் ஜோசர் துயரத்தில் இருக்கிறான். இம்ஹோதெப்பிடம் கேட்கிறான். அவர் கோயில் ஏடுகளைத் தேடிப் பார்த்துவிட்டு, நைலின் ஊற்று எலிபண்டைன் தீவில் க்னூம் தெய்வத்தின் பொறுப்பில் இருக்கிறது என்று வந்து சொல்கிறார். அதன்பின் மன்னன் கனவு காண்கிறான். க்னூம் தோன்றி இனி நீர் பெருகும் என்கிறார். விழித்த மன்னன் அந்தப் பகுதி நிலங்களையும் அங்கு விளைவதில் பத்தில் ஒரு பங்கையும் க்னூம் கோயிலுக்கு எழுதிக் கொடுக்கிறான்.

எழுத்தமைதியைப் பார்த்தால் இது ஜோசர் காலத்துக் கல்வெட்டே அல்ல. அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட கிரேக்க வழித் தாலமி மன்னர்களின் காலத்தில், ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் கழித்து வெட்டப்பட்டது. க்னூம் கோயில் பூசாரிகள் தங்கள் நில உரிமைக்குப் பழைய மன்னன் ஒருவனைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் வாசிப்பு.

கதையின் வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதியாகமத்தில் கனவு முதலில், பஞ்சம் பிறகு. செஹெல் பாறையில் பஞ்சம் முதலில், கனவு பிறகு. யோசேப்பின் கதையில் செழிப்பான ஏழு ஆண்டுகள்தான் திட்டத்தின் உயிர்நாடி. பாறையில் அவை கிடையாது. யோசேப்பு கனவுக்கு விளக்கம் சொல்கிறார். இம்ஹோதெப்பிடம் யாரும் கனவைக் கொண்டுவரவே இல்லை.

ஆனால் இருமுறை வாசித்தபின் எனக்கு ஒன்று உறைத்தது. ஆதியாகமம் 47இல் யோசேப்பு நிலங்களையெல்லாம் பார்வோனுக்காக வாங்கி, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு என்று வரி வைக்கிறார். ஆசாரியர்களின் நிலத்தை மட்டும் தொடவில்லை, அது இந்நாள்வரை அப்படியே இருக்கிறது என்று வசனம் முடிகிறது. செஹெல் கல்வெட்டும் கோயில் நிலத்தில்தான் போய் முடிகிறது. பஞ்சத்தைப் பற்றிய பழங்கதையொன்றால், பிற்காலத்தில் நடைமுறையில் இருக்கும் நில ஏற்பாட்டுக்குக் காரணம் சொல்லும் வழக்கம் இரண்டிலும் தெரிகிறது. இந்த ஒற்றுமை ஆளைப் பற்றியதல்ல, கதை சொல்லும் முறையைப் பற்றியது. எனக்கு இதுவே பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

9 பிப்ரவரி 2023, சற்று நேரம் கழித்து

ஏழாண்டுப் பஞ்சம் எகிப்துக்கு மட்டும் உரியது அல்ல. மெசபொத்தேமியாவின் கில்கமேஷ் காவியத்தில் உண்டு, சிரியாவின் பழைய நகரமான உகாரித்தின் கதையான அக்ஹாத்தில் உண்டு, இரண்டு ராஜாக்கள் 8ஆம் அதிகாரத்தில் எலிசா சொல்லும் பஞ்சமும் ஏழு ஆண்டுதான். இந்த எண்ணை வைத்து மட்டும் ஆளை அடையாளம் காண முடியாது.

17 பிப்ரவரி 2023

சக்காராவில் யோசேப்பின் களஞ்சியக் குழிகள் இருப்பதாக மூவர் எழுதியிருக்கிறீர்கள். புனிதப் பயணக் குழு ஒன்றோடு போனபோது நானும் பார்த்தேன். ஜோசரின் வளாகத்தின் தெற்குச் சுவரோரமாக ஒரு பெரிய சதுரக் குழி. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறை தெரியும், அடி இருளில் மறைந்துவிடும். எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி, "இதில்தான் யோசேப்பு கோதுமையைக் கொட்டி வைத்தார்" என்றார். எங்களோடு வந்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கணத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

ஊருக்கு வந்து படித்தபின்புதான் தெரிந்தது, அது தெற்குக் கல்லறை எனப்படும் இடம். ஏறத்தாழ 28 மீட்டர் ஆழம். அடியில் கருங்கல் அறையும் நீலப் பச்சை ஓடுகள் பதித்த சுவர்களும் இருக்கின்றன; ஜோசர் ஓடுவதுபோல் செதுக்கிய பலகைச் சிற்பங்களும் உள்ளன. தானியம் கொட்டும் இடத்தில் யாரும் இப்படிச் சிற்பம் செதுக்குவதில்லை.

எகிப்தியர்களின் உண்மையான களஞ்சியம் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று ஏராளம். தீப்ஸில் மெகெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையிலிருந்து 1920இல் கிடைத்த மரப் பொம்மைகளில் ஒரு களஞ்சியமும் இருக்கிறது. சுவர் சூழ்ந்த ஒரு சிறு கட்டடம். முன்கட்டில் எழுத்தர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து ஏட்டிலும் பலகையிலும் கணக்கு எழுதுகிறார்கள். ஆட்கள் மூட்டை சுமந்து படியேறி, மேலிருந்து தொட்டிகளில் தானியத்தைக் கொட்டுகிறார்கள். மேலே கொட்டுவது, கீழே எடுப்பது, நடுவே எழுதுவது. யோசேப்பின் வேலையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தக் குழியைவிட இந்தப் பொம்மையின் படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

கீசாப் பிரமிடுகளே யோசேப்பின் களஞ்சியங்கள் என்றுகூட ஐரோப்பா நம்பியது. வெனிஸின் புனித மாற்கு ஆலயத்தில் 13ஆம் நூற்றாண்டு மொசைக் சித்திரத்தில் அப்படியே இருக்கிறது. ஆகவே அந்த வழிகாட்டியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

26 பிப்ரவரி 2023

பெரியவர் ஒருவர் யூயா என்ற எகிப்திய அதிகாரிதான் யோசேப்பா என்று கேட்டிருக்கிறார். ஐயா, நன்றி, இம்ஹோதெப்பைவிட இது வலுவான வாதம்.

யூயா பதினெட்டாம் வம்சத்து மூன்றாம் ஆமென்ஹோதெப்பின் மாமனார், அரசி தீயேவின் தந்தை. அவரும் மனைவி தூயாவும் அடக்கம் செய்யப்பட்ட கல்லறையை 1905 பிப்ரவரியில் மன்னர்கள் பள்ளத்தாக்கில், தியோடர் டேவிஸின் செலவில், ஜேம்ஸ் குவிபெல் திறந்தார். தூதன்காமூன் கல்லறை கிடைக்கும்வரை அங்கு கிடைத்தவற்றுள் இதுவே மிகச் சிறப்பானது. யூயாவின் பெயரை எகிப்திய எழுத்தர்கள் பலவிதமாக எழுதியதால், அது அயல்நாட்டுப் பெயராக இருக்கலாம் என்று சிலர் கருதினர். அவருக்கு "தெய்வத்தின் தந்தை" என்ற பட்டமும் உண்டு. யோசேப்பு தன் சகோதரரிடம், தேவன் தன்னைப் பார்வோனுக்குத் தகப்பனாக வைத்தார் என்று சொல்லும் இடத்தோடு (ஆதியாகமம் 45:8) எழுத்தாளர் அகமது ஒஸ்மான் 1987இல் இதைப் பொருத்தினார். யூயா குதிரைப் படைக்கும் பொறுப்பாளர். யோசேப்போ பார்வோனின் இரண்டாம் இரதத்தில் ஏற்றப்படுகிறார்.

கெய்ரோ அருங்காட்சியகத்தில் யூயாவின் உடலை அருகில் நின்று பார்த்தேன். மஞ்சளேறிய நரைமுடி, கூரான மூக்கு, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு தாத்தாவைப் போன்ற முகம். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒஸ்மானின் வாதம் உடைந்தது. யோசேப்பு சாகும்போது கேட்ட ஒரே ஒரு காரியம் என்ன? தன் எலும்புகளை இங்கிருந்து கொண்டுபோக வேண்டும் என்று சகோதரரிடம் ஆணையிட்டு வாங்கிக்கொண்டார். மோசே அவற்றை எடுத்துப் போனதாக யாத்திராகமம் 13இலும், சீகேமில் அடக்கம் செய்ததாக யோசுவா 24இலும் இருக்கிறது. யோசேப்பு வேதத்தின் யோசேப்பாகவே இருந்தால், அவர் உடல் எகிப்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க முடியாது. வேதத்தைக் காப்பாற்றுவதற்காக யூயாவைப் பிடித்தால், வேதத்தின் மிக உருக்கமான வாக்குறுதியை விட்டுவிட நேர்கிறது.

அது மட்டுமல்ல, யூயா ஆக்மீமைச் சேர்ந்தவர், மின் தெய்வத்தின் பூசாரி. மகன் ஆனென் ஆமூன் கோயிலில் இரண்டாம் பூசாரி. யோசேப்பின் மகன்கள் மனாசேயும் எப்பிராயீமும் இந்தக் குடும்பத்தில் எங்கே?

3 மார்ச் 2023

இஸ்லாமிய நண்பர் ஒருவர் நல்ல குறிப்பைத் தந்திருக்கிறார். குர்ஆனின் 12ஆம் அத்தியாயமான யூசுஃபில் ஆட்சியாளர் "மலிக்", அதாவது மன்னர் என்றே அழைக்கப்படுகிறார். மூசா நபியின் காலத்து ஆட்சியாளர்தான் ஃபிர்அவ்ன். "பார்வோன்" என்ற சொல் முதலில் அரண்மனையைக் குறித்து, பதினெட்டாம் வம்சத்தில்தான் மன்னனையே குறிக்கத் தொடங்கியது என்பதோடு இது இசைகிறது என்கிறார். சொல்லின் வரலாறு அவர் சொன்னபடியே. ஆதியாகமம் யோசேப்பின் மன்னனைப் பார்வோன் என்றே அழைப்பதால், அந்தக் கதை இன்றைய வடிவில் எழுதப்பட்டது பதினெட்டாம் வம்சத்துக்குப் பிறகு என்று மட்டும் இதிலிருந்து சொல்லலாம். நடந்த காலமும் எழுதிய காலமும் வேறாக இருக்கலாம் என்பதை நான் முன்பே தெளிவாக வைத்திருக்க வேண்டும். முதல் குறிப்பில் இரண்டையும் கலந்துவிட்டேன்.

12 மார்ச் 2023

இனி ஆவாரிஸ். இங்கேதான் நான் பல வாரங்கள் தங்கிவிட்டேன்.

நைல் கழிமுகத்தின் கிழக்கே தெல் எல்-தபா என்ற மேட்டில் 1966 முதல் மன்ஃப்ரெட் பீட்டாக் தலைமையில் ஆஸ்திரிய அறிஞர்கள் அகழ்ந்தார்கள். பின்னாளில் வட எகிப்தை ஆண்ட, கானான் வழி வந்த ஹிக்சோஸ் மன்னர்களின் தலைநகராகிய ஆவாரிஸ் இதுவே. யாக்கோபின் குடும்பம் குடியேறிய கோசேன் என்று பலர் கருதும் பகுதியும் இதை ஒட்டியே. பன்னிரண்டாம் வம்சத்தின் இறுதியிலிருந்தே கானான் பக்கத்து மக்கள் இங்கே குடியேறி வாழ்ந்தார்கள்.

அங்கே ஒரு கல்லறையில், ஆளைவிடப் பெரிய சுண்ணாம்புக்கல் சிலையின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. காளான் குடைபோல் வெட்டிய சிவப்பு முடி, மஞ்சள் தோல், தோளில் சாய்த்த எறிகோல். இவையெல்லாம் எகிப்தியர் ஓர் ஆசியரை வரையும் அடையாளங்கள். தோள் பக்கம் வண்ணக் கோலங்களின் எச்சமும் இருந்தது. எகிப்திய வரலாற்றுக்கு மாற்றுக் காலக்கணக்கு எழுதிய டேவிட் ரோல், இவர்தான் யோசேப்பு, அது பலவருண அங்கி, கல்லறையில் உடல் இல்லாததற்குக் காரணம் எலும்புகளை மோசே எடுத்துச் சென்றதே என்றார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நிதானமாக யோசித்தேன். கல்லறை கொள்ளையடிக்கப்பட்டது, கொள்ளைபோன கல்லறையில் உடல் இல்லாதது வியப்பல்ல. சிலையில் பெயர் இல்லை. வண்ண ஆடை அக்காலத்து ஆசியர்கள் எல்லாருக்கும் எகிப்தியர் கொடுத்த அடையாளம்: பெனி ஹசனில் இரண்டாம் க்னூம்ஹோதெப்பின் கல்லறைச் சுவரில், இரண்டாம் செனுஸ்ரெத்தின் 6ஆம் ஆண்டில் கண்மை கொண்டுவந்த 37 ஆசியர்களின் குழு வரையப்பட்டுள்ளது, அத்தனை ஆடைகளும் கோடும் கட்டமுமாக மின்னுகின்றன. மேலும் யோசேப்பின் அங்கியைச் சகோதரர்கள் கழற்றி இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் அனுப்பிவிட்டார்கள். எகிப்தில் பார்வோன் உடுத்தியது மெல்லிய வஸ்திரம் என்று ஆதியாகமம் 41:42 சொல்கிறது. அந்தச் சிலையில் அங்கியைத் தேடுவதே கதையை மறந்து தேடுவது.

ரோலின் காலக்கணக்கும் எகிப்திய வரலாற்றைச் சில நூற்றாண்டுகள் நகர்த்துவதில்தான் நிற்கிறது. அதைப் பெரும்பாலான எகிப்தியல் அறிஞர்கள் ஏற்கவில்லை. பீட்டாக்கும் இந்த அடையாளத்தை ஏற்கவில்லை.

ஆனாலும் சிலை சொல்வது சிறிய காரியமல்ல. கானானிலிருந்து வந்த ஒரு மனிதர் எகிப்து மண்ணில் இவ்வளவு பெரிய சிலை வைத்துக்கொள்ளும் நிலைக்கு உயர முடிந்தது.

13 மார்ச் 2023

ஹிக்சோஸ் மன்னன் ஒருவனே யோசேப்பை உயர்த்தினான் என்ற பழைய கருத்தைப் பலர் எழுதியிருக்கிறீர்கள். எகிப்தியப் பூசாரி மானெத்தோ எழுதிய வரலாற்றை எடுத்து ஹிக்சோஸையும் இஸ்ரவேலரையும் முதலில் ஒன்றாக்கியவர் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ். இரதமும் குதிரையும் எகிப்தில் பரவியது அக்காலத்தை ஒட்டியே என்பது இதற்குச் சாதகம். யாகூப்-ஹர் என்ற பெயர் பொறித்த வண்டு வடிவ முத்திரைகளும் உள்ளன. ஆனால் அவற்றில் ஒன்று இன்றைய ஹைஃபாவுக்கு அருகில் ஷிக்மோனாவில் இருந்த கல்லறையில் ஹிக்சோஸ் ஆட்சிக்கு முந்தைய காலத்துப் பொருள்களோடு கிடைத்தது. யாக்கோபு என்பது அக்காலத்தில் பலரும் வைத்துக்கொண்ட பெயர் என்றே தோன்றுகிறது.

எனக்கு இடறுவது வேறு இடம். எபிரெயரோடு அமர்ந்து சாப்பிடுவது எகிப்தியருக்கு அருவருப்பு என்று ஆதியாகமம் 43:32, மேய்ப்பர்கள் அருவருப்பு என்று 46:34. கானான் வழி வந்த அரசவையில் இந்த வசனங்கள் எப்படிப் பொருந்தும்?

28 மார்ச் 2023

பெயர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லித் தாமதித்துவிட்டேன். பார்வோன் யோசேப்புக்கு வைத்த சாப்நாத்பன்னேயா என்ற பெயருக்கு "இரகசியங்களை வெளிப்படுத்துகிறவர்" என்று நாம் கேட்டு வளர்ந்தோம். ஜெரோம் தன் லத்தீன் மொழிபெயர்ப்பில் "உலக இரட்சகர்" என்றார். 1889இல் கியோர்க் ஸ்டைன்டார்ஃப், "தெய்வம் பேசியது, அவன் வாழ்கிறான்" என்ற எகிப்தியத் தொடராக அதை வாசித்தார். போத்திபிரா என்பது "சூரிய தெய்வம் ரே தந்தவன்", யோசேப்பின் மனைவி ஆஸ்நாத்தின் பெயர் "நேய்த்து தேவிக்கு உரியவள்". இவ்வகைப் பெயர்கள் கி.மு. ஆயிரத்துக்குப் பிறகே அதிகம் வழங்கின. இதனால் எகிப்தியல் அறிஞர் டொனால்டு ரெட்ஃபோர்டு 1970இல், கதையின் எழுத்து வடிவம் மிகப் பிற்காலத்தது என்றார்.

எதிர்த் தரப்பில் இன்னொரு எகிப்தியல் அறிஞர் கென்னத் கிச்சன். அவர் சாப்நாத் என்பதில் எழுத்து இடம் மாறியிருக்கிறது, அது "இபியாங்க் என அழைக்கப்பட்டவர்" என்னும் மத்திய அரசுக் காலத்து (கி.மு. 2000ஐ ஒட்டிய) பெயர்முறை என்கிறார். விலையையும் காட்டுகிறார்: யோசேப்பு விற்கப்பட்டது 20 வெள்ளிக் காசுக்கு, ஹம்முராபி சட்டத்தில், கி.மு. 18ஆம் நூற்றாண்டில், ஓர் அடிமையின் மதிப்பு 20 செக்கேல். பிற்காலத்தில் விலை ஏறிவிட்டது.

பெயரில் ரெட்ஃபோர்டு பக்கமும் விலையில் கிச்சன் பக்கமும் என் தராசு சாய்கிறது. பழைய நினைவொன்றைப் பிற்காலத்தவர் தம் காலத்து எகிப்தியப் பெயர்களோடு எழுதியிருக்கலாம் என்பதே இப்போது என் நிலை.

29 மார்ச் 2023

நேற்று விட்டுப்போனது: எஜமானின் மனைவி பழி சுமத்தும் பகுதிக்கு இணையாக, பத்தொன்பதாம் வம்சத்து "இரு சகோதரர்" கதை எகிப்திலேயே உண்டு. அங்கே அண்ணனின் மனைவி, தம்பி பாத்தாவின் மேல் பழி போடுகிறாள்.

15 ஏப்ரல் 2023

"அப்படியானால் எகிப்தில் யோசேப்புக்கு ஒன்றுமே இல்லையா?" என்று கேள்வி கேட்ட தம்பி வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். தம்பி, நிறைய இருக்கிறது. ஒரே ஆளின் பெயரில் இல்லை, அவ்வளவுதான்.

புரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஒரு பாப்பிரஸ். பதின்மூன்றாம் வம்சக் காலத்தில் ஒரே வீட்டில் வேலை செய்தவர்களின் பட்டியல், தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஆசியர்கள் எனக் குறிக்கப்பட்டவர்கள். யாத்திராகமத்தின் மருத்துவச்சி சிப்பிராளின் பெயரை ஒத்த பெயரும் அதில் வருகிறது. பெரும்பாலான ஆசியர்களுக்கு இரண்டு பெயர்: ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒன்று, எஜமான் வீட்டில் வைத்த எகிப்தியப் பெயர் ஒன்று. யோசேப்பு சாப்நாத்பன்னேயா ஆனதை இந்தப் பட்டியலின் அருகில் வைத்து வாசியுங்கள்.

அதேபோல், மூன்றாம் ஆமென்ஹோதெப் காலத்தில் அபெர்-எல் என்ற செமித்தியப் பெயரோடு ஒருவர் எகிப்தின் தலைமை அமைச்சராகவே இருந்தார். சக்காராவில் அவர் கல்லறையை 1980களில் அலேன் சிவி திறந்தார். அவரையும் யோசேப்பு என்று சொல்லத் துடிப்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அடிமைப் பட்டியலிலும் அமைச்சர் கல்லறையிலும் ஒரே இனத்துப் பெயர்கள் இருப்பதே எனக்குப் போதும்.

16 ஏப்ரல் 2023

நைலுக்கு மேற்கே உள்ள பாயூம் பள்ளத்துக்கு நீர் கொண்டுபோகும் பஹர் யூசுஃப், "யூசுஃபின் ஆறு", யோசேப்பு வெட்டியதா என்று ஒருவர் கேட்டார். அது நைலின் இயற்கையான பழைய கிளை. பன்னிரண்டாம் வம்ச மன்னர்கள் அதைச் சீராக்கிப் பாயூமில் பெரும் வேளாண்மை செய்தார்கள். யூசுஃப் என்ற பெயர் அரபு மரபு வழங்கியது.

30 ஏப்ரல் 2023

இன்று ஞாயிறு பள்ளியில் அதே பாடம் வந்தது. பழைய இம்ஹோதெப் அட்டையை எடுத்துப்போகவில்லை. பெனி ஹசன் சுவர்ப்படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். கழுதைமேல் இரண்டு குழந்தைகள், கையில் யாழ் வைத்திருக்கும் ஒருவர், வண்ண ஆடைப் பெண்கள் நால்வர், முன்னால் குனிந்து வரும் தலைவன் அபிஷா. ஒரு சிறுமி, "இதில் யோசேப்பு யார்?" என்று கேட்டாள். இதில் இல்லை, ஆனால் அவருடைய அப்பாவும் அண்ணன்களும் எகிப்துக்கு வந்தபோது இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்றேன். அவள் விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினாள். எழுத்தில் 37 பேர் என்று இருந்தாலும் படத்தில் 15 பேர்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டாள்.